வரைபடத்தில் இல்லாத பார்

மகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் வடகரைக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஆதிக்குடிகளின் மரப்பட்டை ஓவியங்களைக் கண்டேன். நெருப்பில் வாட்டி நிமிர்த்திய பட்டைகளில், காவியாலும் வெண்களிமண்ணாலும் நீரோட்டம், மீன், பாறை யாவும் மயிரிழைக் கோடுகளாகத் தீட்டப்பட்டிருந்தன. தங்கள் கடல் தங்களுடையதே என்று அரசுக்குக் காட்ட வரைந்தவையாம். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இலங்கையில், எங்கள் ஊரான மாம்புரியில் என் அண்ணா தூண்டில் போடும் கடற்பரப்பை, சுற்றுலா விடுதியொன்று கடலடி பார்க்க மூழ்கும் தன் சுழியோடிகளுக்காக அரசிடம் கேட்டிருந்தது. விசாரணைக்கு இரண்டே வாரங்கள் இருந்தன.

ஊர் திரும்பியதும் எங்கள் கடலைப் பெரிய தாளில் வரைந்தேன். கோயிற் சிலுவையும் காற்றாலைத் தூணும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தெரியும் நேரில், நீருக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டையும் குறித்தேன். அதைத்தான் ‘பார்’ என்போம். அப்பா எங்கள் இருவருக்கு மட்டுமே காட்டிய இடம். வேற்றுப் படகு கண்ணிற் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அப்பால் நகர்வதே எங்கள் வீட்டு வழக்கம்.

அண்ணா தாளைப் பார்த்தார்.

“வாத்தியார், இதைப் பேப்பரிலயும் போட்டுவிடுங்கோவன். சிலாபத்துப் படகெல்லாம் நாளைக்கே வந்திரும்.”

“இடத்தைக் காட்டாட்டி எங்கட கடல் எண்டு எப்பிடி அண்ணா நம்புவாங்க?”

கைபேசியில் எடுத்துவைத்திருந்த பட்டை ஓவியத்தைச் சான்றாக நீட்டினேன். அவர் விரலால் பெரிதாக்கி நெடுநேரம் நோக்கினார்.

“இவ்வளவு கோட்டைக் குறுக்கும் மறுக்குமா ஏன் போட்டிருக்கிறான்? எதையோ மூடத்தான். அவன் கடல்காரன், தம்பி. நீ பள்ளிக்கூடத்தான்.”

வெளியாருக்கு ஓவியத்தின் மேற்பொருளை மட்டுமே சொல்வார்கள், உட்பொருளை அல்ல என்று அருங்காட்சியகத்து வழிகாட்டியும் கூறியிருந்தாள்; நான்தான் பொருட்படுத்தவில்லை. பாரைக் குறிக்காமல் புதுத்தாளில் வரைந்தேன். ஆயினும் மனம் ஆறவில்லை. பார் இல்லையேல் அது வெறும் நீர். வெறும் நீருக்கு யார் உரிமை தருவார்?

விசாரணையில் அதிகாரி அந்த வெற்றிடத்திலேயே விரலை வைத்தார்.

“இதில என்ன இருக்கு?”

“தண்ணி, சேர்,” என்றார் அண்ணா.

“தண்ணிக்கா இவ்வளவு சண்டை?”

“ஓம் சேர்.”

என் நாவின் நுனிவரை வந்ததை விழுங்கினேன். அதிகாரி ஏதோ எழுதிக் கோப்பை மூடினார். முடிவு கடிதத்தில் வரும் என்றார்.

பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, “வாயைத் திறக்காம இருந்தியே, அது போதும்,” என்றார் அண்ணா.

கடிதம் இன்னும் வரவில்லை. அவர் விடிகாலையில் வழக்கம்போல் படகை இறக்குகிறார். நான் தபாற்காரரின் சைக்கிளைக் கண்டால் வாசலுக்கு நடக்கிறேன். சொல்லியிருக்க வேண்டுமோ என்று நினைத்தபடியே திரும்புகிறேன்.