விழுந்த பல்லும் நோட்டு அக்காவும்

சின்ன வயதில் சினிமாவில் நடித்தவர்கள் என்று பேச்செடுத்தாலே, "ஐயோ பாவம், அப்புறம் என்ன ஆனாங்களோ" என்று உச்சுக் கொட்டுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. பாப்பா விஷயத்தில் அந்த உச்சுக்கு வேலையே இல்லை. அவளுக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலில் வேலை. ஸ்டியரிங்கைத் தொட்டதுமே கண்ணை மூடிக்கொள்கிற ஆட்களுக்குப் பக்கத்தில், தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மட்டும் நம்பி, இருபத்திரண்டு வருடமாகத் தெருத்தெருவாகப் போய்வருகிறாள். ஒரு மகளை ஆளாக்கியிருக்கிறாள். வயிறாரச் சாப்பிடுகிறாள், படுத்தால் தூங்குகிறாள். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

நடித்தது ஒரே ஒரு படம், அதுவும் ஏழு வயதில். ஆனால் பார்த்தவர்கள் விட்டால்தானே! ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எடுக்காமல் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்கதானே அந்தப் படத்துல சிரிக்காத பொண்ணு?" என்பார்கள்.

"ஆமா. கண்ணாடியைப் பாருங்க, பின்னாடி சைக்கிள் வருது" என்பாள் பாப்பா.

படத்தில் ஓர் இடம் உண்டு. வருடக்கணக்காகக் காணாமல்போன அப்பா திரும்பி வருவார். வாசலில் அவரைக் கண்டதும் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் குழந்தை, வீட்டுக்குள் வந்து அவர் தூக்கிக்கொண்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிற நாலு சீனிலும் வாயே திறக்காது. 'அப்பா வந்த சந்தோஷமும் விட்டுப்போன கோபமும் ஒரு பச்சைக் குழந்தையின் உதட்டில்' என்று அப்போதே பத்திரிகைகளில் எழுதினார்கள். இன்றைக்கும் கல்லூரிகளில் போட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிறார்களாம். உண்மை என்னவென்றால், குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அப்போது பாப்பாவின் வீட்டில் இரண்டு அறைக்குள் ஏழு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை, மூன்று பிள்ளைகள். பாப்பா மூன்றாவது. சாப்பிட்டாயா என்று கேட்க யாருக்கும் நேரம் கிடையாது. கேட்காமலேயே சாப்பாடு கிடைத்துவிடும், அதில் குறையில்லை. ஷூட்டிங்கிலோ நாற்பது பேர் கேட்டார்கள். "பாப்பா சாப்டாச்சா? பாப்பாவுக்கு வெயில் அடிக்குது பாரு, குடையைப் பிடி." லைட் அண்ணன் விளக்கைப் போடும் முன், "பாப்பா, கண்ணை மூடிக்கோ, மெதுவாத் திற" என்பார். அப்பாவாக நடித்தவர் மத்தியானத்தில் தன் நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பார். முதல் இரண்டு நாளிலேயே, இந்த இடத்தை விட்டுப் போகவே கூடாது என்று பாப்பா முடிவுகட்டிவிட்டாள்.

நோட்டு அக்கா வேறு இருந்தாள். சினிமாவில் ஒரு சீனின் முன்பாதியை இன்றைக்கும் பின்பாதியை இரண்டு வாரம் கழித்தும் எடுப்பார்கள். இடையில் ரிப்பன் இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கம் மாறிவிட்டால் போச்சு, தியேட்டரில் சிரிப்பார்கள். அப்படி மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. எடுத்த உடனே படம் வெளியே வந்து விழுமே, அந்தக் கேமரா ஒன்று கழுத்தில், தடி நோட்டு ஒன்று கையில். "இரண்டாவது பட்டன் திறந்திருக்கு, வலது முட்டியில கட்டு, கையில மண்ணு" என்று எழுதிக்கொண்டே இருப்பாள். பாப்பாவின் முட்டியில் நிஜக் காயம் ஆறிய பிறகும் அக்கா விடவில்லை, கட்டுப் போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு காரியம் நடந்தது. பாப்பாவுக்கு அண்ணனாக நடித்த பையனுக்கு அம்மை போட்டது. மறுநாளே அவனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு வேறொரு பையன் வந்து நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்து "சாப்டாச்சா கண்ணு?" என்று கேட்டார்கள். நாளைக்குத் தன் கவுனையும் வேறொருத்தி மாட்டிக்கொண்டு நிற்பாளோ என்று பாப்பா பயந்துபோனாள். ஏனென்றால் அன்று காலையில்தான் அவளுடைய முன்பல் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது.

அதிலிருந்து அந்தப் பல்லை அவள் காபந்து பண்ணிய அழகு இருக்கிறதே! கடித்துத் தின்கிற எதையும் தொடவில்லை. நாக்கால் முட்டுக்கொடுத்தே வசனம் பேசினாள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தது. மூன்றாவது வாரம், வீட்டுக்குள்ளே அப்பா தூக்கிக்கொள்ளும் சீன் எடுக்க வேண்டிய காலையில், வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பல் கையோடு வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வீசிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன பாப்பா, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா?" என்றார் லைட் அண்ணன். பாவம், அது ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

நோட்டு அக்கா பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரிப்பனைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், முட்டிக் கட்டைப் பார்த்தாள். "சரி, போ" என்றாள். பாப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மத்தியானம் வரைக்கும் ஒப்பேற்றிவிட்டாள். கடைசியில் அப்பாவாக நடித்த மகராசன், அன்பு மிகுதியில், யாரும் சொல்லாமலே அவள் இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டிவிட்டார். பாப்பா கெக்கெக்கே என்று சிரித்துத் தொலைத்தாள்.

"கட்! கட்! வாசல்ல பல்லு இருந்துச்சு, உள்ள வர்றதுக்குள்ள பல்லு எங்கய்யா போச்சு?" டைரக்டர் போட்ட சத்தத்தில் தளமே ஆடிப்போயிற்று. "நோட்டைத் தூக்கிட்டுத் திரியறியே, கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? காலையிலேருந்து எடுத்ததெல்லாம் குப்பை!"

அக்கா ஒரு தடவை பாப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நான் பார்க்கல சார். என் தப்புதான்" என்றாள்.

'நான்தான் மறைச்சேன்' என்று பாப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு அப்பாக்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கோபத்தோடு கோபமாக டைரக்டர், "அப்படியே இரு, வாயைத் திறக்காதே, கேமராவை ஓட்டு" என்றார். ஊரே மெச்சுகிற அந்த இடம் அப்படித்தான் பிறந்தது. பாப்பாவை யாரும் மாற்றவில்லை. அக்காதான் அன்றைக்கே நோட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். படம் வந்தபோது டைட்டிலில் வேன் டிரைவர் பேர் இருந்தது, டீ கொடுத்தவர் பேர் இருந்தது, அக்கா பேர் இல்லை.

பாப்பா வளர்ந்து, அந்த நாற்பது பேரும் தன்னைத் தங்கமாகத் தாங்கினார்கள் என்று நன்றியோடு நினைக்கும் போதெல்லாம் நாற்பத்தோராவது ஆளாக அக்கா வந்து நிற்பாள். தேடலாமென்றால் பேர்கூடத் தெரியாது. நோட்டு அக்கா என்று சொன்னால் யாருக்குத் தெரியும்?

போன மாதம், பழைய படங்களைத் திரும்பத் திரையிடுகிற ஒரு சங்கத்திலிருந்து போன் வந்தது. படம் போடுகிறோம், நீங்கள் மேடையேறிப் பேச வேண்டும் என்றார்கள். பாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தப் படத்தில் முதல் மூன்று வாரம் கன்டினியுட்டி பார்த்த அக்காவைக் கண்டுபிடித்துக் கூட்டிவர வேண்டும். பிடிவாதக்காரர்கள், ஒரு பழைய குரூப் போட்டோவை வைத்துக்கொண்டு அலைந்து கண்டுபிடித்தேவிட்டார்கள். அந்தப் படத்துக்கப்புறம் அக்கா இன்னும் ஆறு படம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டாளாம்.

"எல்லாத்தையும் சொல்லப் போறியா?" என்று மகள் கேட்டாள்.

"சொல்லத்தான் போறேன்."

"யோசிச்சுக்கோம்மா. உனக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான். அதுவும் பல்லு விழுந்து வந்ததுன்னா..."

"போகட்டும்டி. எனக்கு நல்லா கார் ஓட்டத் தெரியும், அந்தப் பேரு போதும்." வீறாப்பாகச் சொன்னாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேர் போவது கிடக்கட்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலை படம் ஓடியது. முடிந்ததும் ஒரு பேராசிரியர் அந்த மூடிய உதட்டைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். சபை கைதட்டியது. பாப்பா மைக்கை வாங்கினாள். மூன்றாவது வரிசையில், நரைத்த தலையோடு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா மன்னிக்கணும். அது நடிப்பு இல்லை. எனக்குப் பல்லு விழுந்திருந்துச்சு" என்றாள் பாப்பா.

சபை குபீரென்று சிரித்தது. பேராசிரியருக்கு முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பாப்பா நிறுத்தவில்லை. பையனுக்கு அம்மை போட்டது, பல்லை மறைத்தது, கிச்சுகிச்சு, அக்கா வாங்கிய திட்டு, தான் வாயைத் திறக்காமல் நின்றது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

"அக்கா, என்னால உங்க பேரு போச்சு. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லலை. நீங்க என்னைப் பார்த்துட்டு 'என் தப்பு'ன்னு சொன்னதாலதான் நான் அங்க இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் நான் சந்தோஷமா நினைச்சுக்கறது எல்லாம் நீங்க கொடுத்தது." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்தாள். மைக் கொடுக்க ஓடிவந்தவரைக் கையமர்த்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தொண்டை, மைக் தேவைப்படவில்லை.

"அழாதே பாப்பா, முழுசாக் கேளு. தினம் இருபது படம் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறவ நான். உன் பல்லு சாயறது எனக்குத் தெரியாமப் போகுமா? முதல் வாரமே தெரியும்."

பாப்பா மைக்கைக் கீழே இறக்கினாள்.

"அந்தப் பையனை ஏன் மாத்தினாங்க? அவனை வச்சு ரெண்டு நாள்தான் எடுத்திருந்தாங்க, அதான். முக்கால்வாசி எடுத்துட்டா உன்னை யாராலயும் அசைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். மழை வரும், வெயில் மாறும்னு அசிஸ்டெண்ட் டைரக்டர் கிட்ட வாய்க்கு வந்ததைச் சொல்லி, நீ வர்ற சீனையெல்லாம் முன்னாடி இழுத்தேன். வீட்டு செட்டு மட்டும் கடைசி வரைக்கும் ரெடியாகல. அதுல மாட்டிக்கிட்டேன்."

"அன்னிக்குக் காலையில ரிப்பனைப் பார்த்தீங்க, பட்டனைப் பார்த்தீங்க. ஏன்க்கா என்னைப் பல்லைக் காட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ காட்டியிருப்பே. காட்டினா நான் நோட்டுல எழுதியாகணும்" என்றாள் அக்கா. "அதான் கேட்கல."

ஒரு நாள் வாங்கிய திட்டுக்கு நன்றி சொல்ல வந்தவள் பாப்பா. இப்போது மூன்று வாரத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மைக்கைப் பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போய், அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள்.