எங்களை எண்ணிய லோரிக்காரர்

எழுபதுகளில் ஒரு மழைக்கால மதியம், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து டிராக்டர் ஓடைக்குள் இறங்கிச் சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க வந்தவர் ஒரு பலகை லோரிக்காரர். குள்ளமான ஆள். காதுவரை இறங்கிய தொப்பி. அதிகம் பேசமாட்டார்.

டிராக்டரின் அடிக்கொக்கியில் கம்பிக் கயிற்றை மாட்டி, அதன்மேல் நனைந்த சாக்குகளைப் போட்டார். லோரி நகர்வதற்குள் நாங்கள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். வருஷா வருஷம் கோயில் தேர் இழுத்துப் பழகிய கைகள்.

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"தேரா இழுக்கிறீங்க? கைய எடுங்கலா. எல்லாரும் அந்த மேட்டுக்குப் போங்க."

"நாங்களும் புடிச்சா சீக்கிரம் வந்துரும்ணே," என்றேன்.

"அறுந்தா கையும் சேந்து போயிரும்."

மேட்டில் ஏறிய எங்களை விரல் நீட்டி எண்ணினார். ஒன்பது பேர். நாங்கள் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

லோரி மெதுவாகத்தான் இழுத்தது. ஆனாலும் கயிறு அறுந்தது. சாக்குகள் பாதி வேகத்தை வாங்கிக்கொண்ட பிறகும், சற்றுமுன் நாங்கள் கயிற்றைப் பிடித்து நின்ற இடத்திலிருந்த வாழையை அது இரண்டாக வெட்டிப் போட்டது.

இறங்கி வந்தவர் கயிற்றைப் பார்க்கவில்லை, டிராக்டரையும் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்து மறுபடியும் எண்ணினார். பிறகுதான் தடித்த சங்கிலியை எடுத்துவந்து மாட்டினார். டிராக்டர் கரையேறியது.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. அவரும் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. ஒன்பது பேர் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.