ராத்தாவின் ஓலைப்பெட்டி

நேற்று முட்டுக்காட்டில் யாரோ பனையோலை நனைத்துப் போட்டிருந்த வாசனை என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த கடப்பாக்கத்து வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பெட்டி முடைந்து கொடுத்த என் அக்கா நூர் ராத்தா, முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று, ஊதாச் சாயம் தோய்த்த ஓலையில், கடல்காற்றும் நுழைய முடியாத நெருக்கத்தில் முடைந்து முடித்திருந்தாள். அச்சரப்பாக்கத்திலிருந்து கல்யாணப் பெட்டி வாங்க வந்த பெண், கண்டதும் அதைத்தான் கேட்டாள்.

"குடுத்துடுடி, உனுக்கு வேற பின்னிக்கலாம்" என்றார் அம்மா.

ராத்தா கொண்டையில் செருகியிருந்த சீப்பை உருவி, பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"இன்னாடி பண்ற?"

"புழங்கியாச்சும்மா. புழங்கின பொட்டிய கல்யாணத்துக்குக் குடுப்பாங்களா?"

அம்மா வேறொரு பெட்டி எடுக்க உள்ளே போனார். அவிழ்ந்த முடி இடுப்புவரை புரள, பெட்டியை அணைத்துக்கொண்டு நின்ற ராத்தாவை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.