உயரத்துக்குப் பயந்த தேவதூதி

சமையலறைக் கதவைத் தாண்டும்போது என் தங்கை பக்கவாட்டில் திரும்புகிறாள். முதுகில் பாதி விரித்த இரண்டு குடைகளைத் துணிப்பட்டையால் கட்டியிருக்கிறாள். வலது குடையின் கம்பி கதவுச் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறது.

"பாத்தியாக்கா, இடது பக்கம் போயிடுது, வலது பக்கம்தான் மாட்டுது. அப்ப அவ எப்படிக் குளிக்கப் போவா?"

அவள் கையில் முக்கால் கோப்பைத் தேநீர். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

'அவ' என்பது தங்கை எழுதி முடித்து, இன்னும் அச்சாகாமல் இருக்கும் நாவலின் நாயகி. பதினைந்து வயதுத் தேவதூதி. அந்த உலகத்தில் யாரும் சிறகோடு பிறப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பல் முளைப்பதுபோல, காய்ச்சலும் அரிப்புமாக அந்த வயதில்தான் முளைக்கிறது. முதலில் எழுதியபோது நாயகி முன்பக்கம் பொத்தான் வைத்த சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். நான் தையல்காரி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சிறகை எங்கடி வெச்சா? பைக்குள்ளயா?" என்று கேட்டேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அளவு நாடாவோடு வந்து நின்றாள். "சரி, நீயே வெட்டிக் காட்டு."

முதுகில் இரண்டு நீளத் திறப்பு, ஓரத்துக்கு மடிப்புத் தையல், திறப்பு முடிகிற இடத்தில் கிழியாமல் இருக்க ஒட்டுத்துணி. தைத்துக் கொடுத்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் குடை கட்டுகிறாள்.

உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளை வெளியே கயிற்றில் தொங்கியபடி துடைப்பது தங்கையின் வேலை. மாலையில் வந்ததும் சோப்பு நாற்றத்தோடு காற்றைப் பற்றிப் பேசுவாள். "இன்னைக்குக் காத்து கீழேருந்து மேல வந்துச்சுக்கா. நான் ஊத்தின தண்ணி என் மூஞ்சிலயே!" சில நாளில் அது நாவலுக்குள் போய்விடும். அவளுடைய தேவதூதர்கள் படங்களில் வருவதுபோல அலுங்காமல் மிதப்பதில்லை. கட்டட மூலையில் காற்று திரும்பும் இடத்தில் தடுமாறுகிறார்கள். புறாவைப்போலக் காலை முன்னால் நீட்டி இறங்குகிறார்கள். மேலே குளிர் என்பதால் எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிறது. கண்ணாடிக்கு உள்ளே, காலி நாற்காலிகளுக்கு முன் நின்று சொற்பொழிவு பழகும் அதிகாரியையும், மேசைக்கு அடியில் குனிந்து பிஸ்கட் தின்னும் பெண்ணையும் பார்த்துவிட்டு, காட்டிக்கொடுக்காமல் நகர்ந்து போகிறார்கள்.

உட்கார்ந்து எழுத அவளுக்கு வராது. நான் துணி வெட்டும் மேசையின் ஓரத்தில் நின்றுகொண்டே எழுதுவாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது கதவுச் சட்டத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். ஏதோ கெட்ட பழக்கம் என்று நினைத்திருந்தேன். நாவலில் நாயகியும் குதிக்கும் முன் சிறகு நுனியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.

முதல் வாசகி என் மகள். தயவு தாட்சண்யம் கிடையாது. "சித்தி, இந்தப் பையன் ரொம்ப அழகாப் பேசறான். எங்க கிளாஸ்ல எவனும் இப்படிப் பேச மாட்டான்." தங்கை அந்த அத்தியாயத்தையே தூக்கிவிட்டாள். நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இந்த நாவலுக்காக அவள் ஐந்து வருடம் நின்றிருக்கிறாள். கடைசியில் ஒரு பதிப்பாளர் அழைத்தார். "நல்லா வந்திருக்கும்மா. போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணுதான். தேவதூதிக்கு உயரம்னா பயங்கறது ஒட்டவே இல்ல. பசங்க சிரிப்பாங்க. அதை மட்டும் எடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"எடுத்துடேன்டி," என்றேன் நான். "பயம்தானே? புத்தகம் கைக்கு வந்துடுமே."

"எடுத்தா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன் சித்தி," என்றாள் மகள்.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தங்கை தன் தட்டையே பார்த்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, கண்ணாடி வழிக்கும் பட்டையைச் செருகும் இடுப்புப் பையை என் தையல் இயந்திரத்தின் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிரிந்த தையலைப் போட்டு, எடுத்துக்கொண்டு போனேன். அவள் வேலை செய்யும் கட்டடத்தின் மொட்டை மாடிவரை நான் ஏறியது அதுதான் முதல் தடவை. கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் தடித்த மனிதர் என்னைக் கண்டதும், "நீங்கதான் சிறகுச் சட்டை தைக்கிற அக்காவா? எனக்கும் ஒண்ணு தைங்க. வயித்துக்குத் தனியா ரெண்டு சிறகு வேணும்," என்றார்.

தங்கை சிரித்தாள். இடுப்புக் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கைகள் நடுங்கின.

"குளிராடி?"

"பயம்க்கா. தினமும் இப்படித்தான். இறங்கிட்டா நின்னுடும்."

இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெரியாது. பையைக் கட்டிவிட்டேன். "அப்ப எடுக்காதே," என்றேன்.

அவள் அங்கேயே பதிப்பாளரை அழைத்தாள். "சார், பயத்தை எடுக்க முடியாது. பயமில்லாதவ கொக்கியை இழுத்துப் பாக்க மாட்டா சார். அதனால புத்தகம் வராதுன்னா, வராம போகட்டும்." குரல் நடுங்கவில்லை.

கயிற்றில் போகும்போது தொலைபேசி வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதை என் கையில் திணித்துவிட்டுக் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். முதுகை வெளியே காட்டிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினாள். என் கையில் பதிப்பாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "ஹலோ... கொக்கியா? கொக்கி எந்த அத்தியாயத்துலம்மா வருது?"

தலைக்கவசம் சுவருக்குக் கீழே மறைந்தது. கடைசியாக விரல்கள் மட்டும் தெரிந்தன. சுவரின் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவையும் இறங்கின.