காப்புக் கட்டிய கையும் கேம் கடையும்

என் மகள் நாலு வயதில் மூளைக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தால் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். தாய் கைவிடவில்லை. பிள்ளை எழுந்து நடந்தாள். அந்தப் பங்குனியில், பர்மாவில் நாங்கள் இருந்த இன்சீன் ஊர்க் கோவிலில் என் மனைவியின் அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டோம். பத்து நாள் விரதம். கறி மீன் ஆகாது, கெட்ட வார்த்தை ஆகாது, யார் மேலும் கை ஓங்கக்கூடாது. மீறிவிட்டு இறங்கினால் கால் வெந்துபோகும், யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்கும் ஆகாது என்பார்கள். நான் அதை அப்படியே நம்புகிறவன்.

அப்போது டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். மதியம் வண்டியை முதலாளியிடம் விட்டுவிட்டு மச்சானோடு கேம் கடைக்குப் போய்விடுவேன். கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் போட்டு நடத்தும் கடை. எங்கள் ஆட்டத்தில் டிவிக்குள் ஒரு பெரிய நகரம். அங்கே போகிற வருகிறவனைக் காரிலிருந்து இழுத்துப் போட்டு மிதிக்கலாம், மட்டையால் மண்டையைப் பிளக்கலாம், போலீஸையே சுடலாம். கேட்க ஆளில்லை. ரோட்டில் காலையிலிருந்து வாங்கிய ஏச்சையெல்லாம் நான் அங்கேதான் தீர்த்துக்கொள்வேன். விழுந்து கிடப்பவன் மேல் காரை ஏற்றி, பின்னால் எடுத்து, மறுபடி ஏற்றுவேன்.

காப்போடு அங்கே போகாமல் இருந்திருக்கலாம். அந்தப் புத்தி வரவில்லை. போவேன், விரதத்தோடு ஆடுவேன் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். யாரையும் அடிப்பதில்லை. ஆள் இல்லாமல் நிற்கிற காரைத்தான் எடுப்பது. சிவப்பு விளக்கில் நிற்பது. யார் மேலாவது லேசாக இடித்துவிட்டால் அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடுவது. இப்படியே ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் இருக்கும் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மச்சானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாமியாரு டாக்சி வருது, வழி விடுங்கப்பா. மாப்ளே, அதுல இருக்கிறது மனுசனா? பொம்மை."

"பொம்மைதான் மச்சான். அடிக்கிற கை என்னோடதுல்ல?"

"அப்ப என் கை?"

"அது உங்களுக்கும் அம்மனுக்கும் உள்ளது."

அந்த நகரம் என்னைச் சும்மா விடவில்லை. ஒரு தெருவில் ரவுடிக் கூட்டம் தினமும் சுட்டுத் தள்ளியது. நான் திருப்பிச் சுடவில்லை. குண்டு பட்டுப் பட்டு ரத்தத்தில் சரிந்தேன். மறுபடி எழுந்து அதே தெருவில் நடந்தேன். உள்ளே எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. நிசமாகவே நல்லவன் ஆகிவிட்டதாக நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் கடல் தெரிந்தது. ஒரு கீறல் இல்லாத காரில், யாரையும் தொடாமல், கடைசி விளக்கில் நின்றேன். இறங்கி நடந்தால் மணல். நான் இறங்கியதும் மச்சான் என் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினார். என் ஆள் மட்டையை எடுத்து, கைப்பையோடு போன ஒரு கிழவியை அடித்தான். விழுந்த பிறகும் அடித்தான். ரோடெல்லாம் ரத்தம்.

"பாரு மாப்ளே, உன் விரதத்த."

நான் அவர் வாயில் குத்தினேன். நாற்காலியோடு சாய்ந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினேன். பல் உடைந்தது என் விரலில் தெரிந்தது. அப்புறமும் நிறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னால், இரண்டாவது குத்தும் மூன்றாவது குத்தும் இனித்தன. கடைக்கார பர்மியர் கழுத்தைப் பிடித்து இழுத்த பிறகுதான் விட்டேன். டிவியில் என் ஆள் மட்டையோடு சும்மா நின்றுகொண்டிருந்தான். என் மஞ்சள் கயிறு சிவப்பாக இருந்தது.

மச்சான் கைலி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தக் கயிற்றையே பார்த்தார்.

"பின்னால பைப்பு இருக்கு. கழுவிடு மாப்ளே. படியில விழுந்தேன்னு சொல்லிக்கிறேன். புள்ளைக்காக நேந்தது."

பைப்படி வரைக்கும் போனேன். தண்ணீரைத் திறந்தும் விட்டேன். அம்மனிடம் படியில் விழுந்த கதையைச் சொல்ல முடியுமா? கையை நனைக்காமல் நேரே கோவிலுக்குப் போனேன்.

பூசாரி கயிற்றைப் பார்த்தார்.

"யாரு ரத்தம்?"

"மச்சானோடதுங்க. நாந்தான் அடிச்சேன்."

அவர் திட்டவில்லை. கயிற்றை அறுத்து வாங்கிக்கொண்டார்.

"இந்த வருசம் நீ இறங்க வேணாம். தாய்கிட்ட தவணை கேளு."

மறுநாள் தீக்குழியைச் சுற்றி ஊரே நின்றது. நான் விறகு தள்ளுகிறவர்களோடு நின்று நெருப்புக் கங்குகளைப் பரப்பிக் கொடுத்தேன். முகம் பொசுங்கியது. எதிரே என் மனைவி மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள். கயிறு இருந்த இடத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருசம் இறங்குகிறேன் தாயே, அதுவரைக்கும் பிள்ளையை விட்டுவை என்று கேட்டுக்கொண்டே நெருப்பைத் தள்ளினேன்.

வீங்கிய வாயோடு மச்சான் இறங்கினார். ஓடவில்லை, நடந்தே கடந்து வந்து, பால் ஊற்றிய குழியில் காலை வைத்தார். நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"கடலுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருந்துச்சு மாப்ளே?"

"ரோட்டத் தாண்டினா மணலு மச்சான்."

"நான் பிடுங்கியிருக்கக் கூடாது," என்றார்.

ஒரு வருசம் முழுக்க, மகளுக்கு உடம்பு சுட்டபோதெல்லாம் நான் தூங்கவில்லை.