திட்டு இல்லாத மெழுகு

சோயா மெழுகை நம்பவே கூடாது. உருகி நிற்கும்போது ரத்தச் சிவப்பாக இருக்கும். அச்சில் ஊற்றி ஆறிய பிறகு பார்த்தால் ரோஸ் மிட்டாய் மாதிரி வெளுத்துக் கிடக்கும். அதோடு விடுமா என்றால் விடாது. ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், மேலே சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை பூத்து நிற்கும். இதைச் சரிசெய்யும் வழியெல்லாம் என் கணவர் கண்டுபிடித்தது. மெழுகைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நிறத்தைப் பற்றித் தெரியும்.

சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவர் நிறம் கலப்பவராக இருந்தார். ஒரு மாதிரித் துண்டைக் கொடுத்தால் அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். கல்யாணமான புதிதில் என்னோடு புடவைக் கடைக்கு வந்து, இது பச்சை இல்லை, இதில் நீலம் கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் வம்புக்கு நிற்பார். எனக்கு மானம் போகும். பிறகு இனிப்பு நீர் வியாதி அவர் கண்ணில் கை வைத்தது. வேலை போனது. கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர் அதை விட்டு எழுந்திருப்பதே அபூர்வமாகிவிட்டது. டிவி ஓடிக்கொண்டிருக்கும். அதில் என்ன நடக்கிறது என்று கேட்டால் எரிந்து விழுவார்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடாமல் இருக்கத்தான் நான் மெழுகுவர்த்தி செய்ய ஆரம்பித்தேன். திரி இல்லாத சின்ன வில்லைகளும் செய்தேன். விளக்குச் சூட்டில் வைத்தால் உருகி வாசனை விடும். முதல் தடவை நான் அடித்த கூத்தைச் சொல்ல வேண்டும். தீபாவளிக்குக் கோல அரிசியில் கலக்கும் சாயப் புட்டி அலமாரியில் பாதி மிச்சம் இருந்தது. அரிசியில் பிடிக்கிற சாயம் மெழுகில் பிடிக்காதா என்று ஊற்றிவிட்டேன். அது துளித் துளியாக உருண்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்டியால் துரத்தினால் ஓடியது. நான் அதைத் திட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு அவர் அடுப்படிக்கு வந்தார்.

“அது தண்ணில கரையுற சாயம் லா. இது எண்ணெ மாதிரி. ரெண்டும் எந்தக் காலத்துல சேரும்?” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் மெழுகை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

மெழுகுக்கென்றே விற்கும் சாயச் சில்லுகளை வாங்கினோம். சில்லைப் பொடியாகச் சீவ வேண்டும் என்றார். மெழுகு நன்றாகச் சூடேறிய பிறகுதான் போட வேண்டும், ஆறின மெழுகில் போட்டால் புள்ளி புள்ளியாக நிற்கும். அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, அது உறைகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உறைந்த சொட்டுதான் நிஜ நிறம். அச்சைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ள வேண்டும். காற்றாடியைப் போடவே கூடாது, சட்டென்று ஆறினால் வெள்ளை பூத்துவிடும் என்பார். நம் ஊர் வெயிலில் காற்றாடி இல்லாமல் அடுப்படியில் நின்று பாருங்கள். அதற்காகவே நாங்கள் தினமும் சண்டை போட்டோம். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் இருந்தவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒவ்வொரு தட்டையும் அவர் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். வில்லையை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். இதில் திட்டு இருக்கிறது, நிறம் ஒன்றுபோல் இல்லை, மறுபடி உருக்கு என்பார். சில சமயம் எனக்கு ஒரு திட்டும் தெரியாது. அப்போதுதான் எனக்கு மனசு நிறையும். என் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரிகிறதே என்று முழுத் தட்டையும் ஆசையாக உருக்குவேன். டாக்டர் சொன்னதைவிட இதைத்தான் நான் நம்பினேன். அவர் திட்டைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அவர் பார்வை இருக்கிறது. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் அச்சு வாங்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தோம். நடைபாதையில் மேடு மேடாகப் பதித்த மஞ்சள் கோட்டின் மேல் கோலைத் தட்டிக்கொண்டு கண் தெரியாத ஒருவர் எதிரே வந்தார். அங்கே கண் தெரியாதவர்கள் நிறைய, அது தினமும் நடப்பதுதான்; எல்லாரும் பேச்சை நிறுத்தாமலேயே விலகிக்கொண்டார்கள். என் கணவர் விலகவில்லை. நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் கோல் அவர் செருப்பில் இடித்துவிட்டது. “சோரி பாஸ்” என்று அந்த மனிதர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வரும் வழியில் என் கணவர், இனிமேல் தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கிள்ளானிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வில்லை கேட்டார்கள். பெண்ணின் அம்மா கூறைப்புடவையின் ரவிக்கைத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வில்லை இதே சிவப்பில் இருக்க வேண்டும் என்றார். மாதிரித் துண்டு! என் கணவர் அன்றைக்குச் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். ஆனால் தட்டில் விட்ட ஒவ்வொரு சொட்டையும் பார்த்துச் சாயம் பத்தவில்லை, பத்தவில்லை என்றார். போட்டேன். இன்னும் என்றார். வில்லை வியர்க்க ஆரம்பித்தது, தொட்டால் விரலெல்லாம் சிவப்பு ஒட்டியது. போதுமே என்று வாயைத் திறந்தேன்.

“நெறம் எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா?”

அவர் கேட்டபடியே இன்னும் போட்டேன். அவர் படுத்த பிறகு யாருக்கும் தெரியாமல் வெறும் மெழுகு சேர்த்து உருக்கி, சாயத்தைக் குறைத்து ஊற்றி வைத்தேன். காலையில் அது துணியின் சிவப்புக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தது. அவரிடம் காட்டி, சரி என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று ஆசை. சன்னல் மேடையில் அந்தத் தட்டை வைத்தேன். பக்கத்திலேயே கீழ்வீட்டு ஆன்டி தேவாலயத்துக்குக் கேட்ட வெள்ளை வில்லைத் தட்டும் இருந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் தானாக வந்து ஒரு வில்லையை எடுத்தார். இன்னொரு கையில் சிவப்புத் துணி. இரண்டையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இப்பதான் வந்துருக்கு. திட்டே இல்ல. துணியோட அப்படியே ஒத்துப் போவுது, பாரு.”

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் இருந்தது வெள்ளை வில்லை. ஒரு துளி சாயம்கூடப் போடாதது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணுக்குத் தெரியாத திட்டுகளை அவர் கண்டுபிடித்தாரே, நான் ஆசையாக உருக்கினேனே, அத்தனையும் அவர் குத்துமதிப்பாகச் சொன்னவை. நான் நம்பிக்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னவை. எப்போதிலிருந்து என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. எங்களுக்கு இனி எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தது. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை, அவருக்குக் கேட்டுவிடும்.

“சரியா இருக்கா?” என்று கேட்டார். நான் முன்பு நின்றிருந்த இடத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

“சரியா இருக்குங்க.”

“அப்ப மிச்சத்தயும் இப்படியே ஊத்து.”

ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.