எந்தக் குழாயை வெட்டுவது?

இந்த நாட்டில், கத்தி வைக்கிறவர் நம்மிடமே கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார். நோர்வே வைத்தியர் ஒரு தாளில் என் மார்பைப் படமாகக் கீறி, காம்புக்குப் பின்னாலுள்ள பாற்குழாய்களைப் பேனையால் தொட்டுக் காட்டினார். புற்றுநோய் இல்லை, ஒரு குழாய்க்குள் சின்னச் சதை வளர்ந்து கசிகிறது. அதை மட்டும் எடுக்கலாம், ஆனால் மற்றக் குழாய்களில் திரும்ப வரலாம். எல்லாவற்றையும் எடுத்தால் தொல்லை தீரும். அந்தப் பக்கத்தில் இனிப் பால் கொடுக்க முடியாது. பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார்.

எனக்கு முப்பத்தாறு வயது. கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. எண்ணம் இல்லாமலா? ஆனால் அந்தக் கேள்வி, மேசையிலிருந்த தொலைபேசி வழியாக, மொழிபெயர்க்கும் ஒரு தமிழ்ப் பொடியனின் குரலில் வந்தது. அவன் தொடக்கத்திலேயே விசாரித்து முடித்திருந்தான்.

"அக்கா எந்தப் பக்கம்?"

"முல்லைத்தீவு."

"அட, நானும் அங்கதான். நீங்கள் ஆரின்ரை மகள்?"

அப்பாவின் பெயரைச் சொன்ன வாயால் அவனிடம் ஆசையை எப்படிச் சொல்வேன்? ஞாயிறு பூசைக்குள் ஊரறிந்துவிடும் என்று பயந்தேன்.

"எனக்கு இனிப் பிள்ளை ஒண்டும் வேண்டாம் தம்பி. எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்கோ."

வைத்தியர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன் தங்கை மெற்றில்டாவுக்கும் மார்பில் இதே வருத்தம் வந்தது. சண்டையால் கரையிலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் இருந்தாள். மருந்துத் தட்டுப்பாடு, விறைக்கிற ஊசி மட்டும் போட்டு, முழித்திருக்கவே வெட்டினார்கள். "டொக்டரம்மா கேக்க முன்னமே, எனக்கு இன்னும் பிள்ளை வேணும், ஒண்டை மட்டும் எடுங்கோ எண்டு கத்தினனான்" என்று எழுதியிருந்தாள். பாவம் என்று அழுதேன். அந்தப் பாவத்தை இப்போது திருப்பி வாங்க வேண்டும்போலிருக்கிறது.

எனக்கு வெள்ளை விரிப்பு, முழு மயக்கம், நூல் பிடித்தாற்போல் தையல். ஆனாலும் அவள்மேல் எரிகிறேன். வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் தேடவில்லை. மற்றப் பக்கம் இருக்கிறதே என்கிறார் என் கணவர். அவருக்கென்ன தெரியும்!

போன கிழமை கடிதம் வந்தது. மெற்றில்டாவுக்குப் பெண் குழந்தை. "அக்கா, வெட்டின பக்கத்திலதான் பிள்ளை கூடுதலாக் குடிக்கிறாள். பிலோமினா எண்டு உங்கட பேரைத்தான் வைச்சனாங்கள்."

பெயரையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். என் பெயர் புதுக்குடியிருப்பில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. இன்று தையல் பார்க்கப் போனபோது, தாதி அதே பெயரைப் பிழையாக உச்சரித்துக் கூப்பிட்டாள். அதற்கும் எழுந்து போனேன்.